தொழுநோய் ஆராய்ச்சியிற் சுண்டெலி: நோயியலறிஞர் பெற்ற பயிற்சியின் வரலாறு

கொழும்பு மாநகரின் வடபால், கொட்டாஞ்சேனையைக் கடந்து முகத்துவாரம் வரை செல்வோர் களனி கங்கை கடலோடு கலக்குமிடத்தைக் காண்பர். ஆற்றின் மறுகரையில், வத்தளையை அடுத்த ஹெந்தளையிலே, ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டில் தொழுநோயாளருக்கென ஒரு மனையை நிறுவினர். இலங்கையின் மிகப் பழைய வைத்தியசாலைகளுள் ஒன்றாகிய அது, ஒல்லாந்தர் ஆட்சி நீங்கி ஆங்கிலேயர் ஆட்சி வந்த பின்னரும் நிலைத்து நின்றது. 1901ஆம் ஆண்டிற் பிறந்த தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைத்தற்கு அரசினர்க்கு அதிகாரமளித்தது. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவும் இவ்வாறே நோயாளரின் உறைவிடமாயிற்று. வீட்டையும் ஊரையும் விட்டு இம்மனைகளுட் புகுந்தோரிற் பலர் மீண்டும் தம் இல்லம் சேர்ந்தாரல்லர்.

இத்தகைய மனைகளிலே ஒவ்வொரு நோயாளர் பொருட்டும் மருத்துவர் முன் நின்ற வினா ஒன்றுண்டு. இவருடைய உடம்பிலே காணப்படும் கிருமிகள் உயிருள்ளனவா, இறந்தனவா என்பதே அவ்வினா. உயிருள்ளனவாயின் நோய் பிறருக்குத் தொற்றும். மருந்தும் பயன்படவில்லை என்பது பெறப்படும். இறந்தனவாயின் அவர் வீடு செல்லலாம். ஆனால் இறந்த தொழுநோய்க் கிருமி உடனே மறைவதில்லை. அது பல்லாண்டுகள் இழையங்களுள் தங்கி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்கும்போது சாயத்தை ஏற்று நிற்கும். ஆகவே தோலிற் கீறி எடுத்த சாற்றை மட்டும் நோக்கி இவ்வினாவுக்கு உறுதியான விடை கூறுதல் இயலாதிருந்தது. அவ்விடை 1960ஆம் ஆண்டிற்குப் பின்னரே கிடைத்தது. அது கிடைத்த இடம் சுண்டெலியின் உள்ளங்கால்.

சுண்டெலி அவ்விடையைத் தானாக வழங்கிவிடவில்லை. மனித உடம்பின் நோய்களையே கற்றுத் தேர்ந்த நோயியலறிஞர், வேறோர் உயிரின் உடம்பினையும் படிக்கப் பழகவேண்டியிருந்தது. சுண்டெலியிடம் எதனை வினவலாம், எதனை வினவலாகாது என்பதை அவர்கள் கற்றுக்கொண்ட வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

சுண்டெலி இல்லாத காலம்

நோர்வே நாட்டுப் பேர்கன் நகரத்து மருத்துவர் அர்மவர் ஹான்சன் 1873ஆம் ஆண்டிலே தொழுநோயாளரின் இழையங்களுட் கோலுருவான நுண்ணங்கியைக் கண்டார். மனிதரைப் பற்றும் நாட்பட்ட நோயொன்றுக்குப் பற்றீரியா காரணமாகலாம் என்று காட்டிய முதற் கண்டுபிடிப்புக்களுள் இது ஒன்று. எனினும் கண்டது வேறு, நிறுவுவது வேறு. ஒரு நுண்ணங்கி ஒரு நோயை விளைப்பது என்று நிறுவ வேண்டுமாயின், அதனை உடம்பின் புறத்தே வளர்த்துப் பின்னர் ஒரு விலங்கிலே செலுத்தி அந்நோயைத் தோற்றுவித்துக் காட்டவேண்டும் என்பது அக்காலத்திற் படிப்படியாக வகுக்கப்பெற்ற நெறி. காசநோய்க் கிருமியை றொபேட் கொக் 1882இல் இந்நெறிப்படியே நிறுவினார். தொழுநோய்க் கிருமியோ எந்த ஊடகத்திலும் வளர மறுத்தது. முயலிலும் பிற விலங்குகளிலும் செலுத்திப் பார்த்தும் பயனில்லை.

விலங்கு கைகொடாதபோது மனிதர் அவ்விடத்திற்கு வந்தனர். ஹான்சனுக்கு மூத்தவரும் அவர்தம் மாமனாருமாகிய டானியல்சன், நோயாளரின் இழையத்தைத் தம் உடம்பிலேயே செலுத்திச் சோதித்தார், நோய் தோன்றவில்லை. ஹான்சன் 1879இல், இசைவு பெறாமலே, ஒரு பெண் நோயாளரின் கண்ணிலே அத்தகைய பொருளைச் செலுத்தினார். அச்செயல் நீதிமன்றம் சென்றது. 1880இலே அவர் தம் வைத்தியசாலைப் பதவியை இழந்தார். ஹவாய்த் தீவுகளில் 1884ஆம் ஆண்டு எட்வேட் ஆணிங் என்னும் மருத்துவர், மரணதண்டனை பெற்றிருந்த கைதி ஒருவனுக்கு உயிர்ப்பிச்சை அளிக்கப்படும் என்ற உடன்பாட்டின் மேல் நோயாளரின் இழையத்தை அவன் கையிலே பொருத்தினார். சில ஆண்டுகளில் அவனுக்கு நோய் கண்டது. 1892இல் அவன் இறந்தான். ஆனால் அவனுடைய உறவினர் சிலருக்கு அந்நோய் இருந்தமையால், பொருத்திய இழையத்தாலன்றி அவர்களிடமிருந்தும் நோய் தொற்றியிருத்தல் கூடும். ஆதலின் ஓருயிரை இவ்வாறு பயன்படுத்திய பின்னரும் அறிவு ஓரடியும் முன்னேறவில்லை. தக்க விலங்கு மாதிரி இல்லாமையின் விலை யாது என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

வழிமயக்கிய எலி

1903ஆம் ஆண்டிலே ஒடெசா நகரில் ஸ்ரெபன்ஸ்கி என்பவர், எலிகளுக்கு இயற்கையாகவே உண்டாகும் ஒரு நோயைக் கண்டறிந்தார். அந்நோயுற்ற எலிகளின் இழையங்களில், தொழுநோய்க் கிருமியைப் போலவே அமிலத்தாற் சாயம் நீங்காத கோற்கிருமிகள் நிறைந்திருந்தன. இதற்கு எலித் தொழுநோய் எனப் பெயரிட்டனர். இதனைச் சுண்டெலிகளிலும் வளர்க்க முடிந்தது. நெடுநாளாகத் தேடியது கிட்டிவிட்டது என ஆராய்ச்சியாளர் பலர் எண்ணினர். பல ஆண்டுகள் இதன்மேல் உழைத்தனர்.

ஆனால் பெயரின் ஒப்புமை நோயின் ஒப்புமை ஆகாது. மனிதத் தொழுநோயின் தலையாய இயல்பு நரம்பினைத் தாக்குதலாகும். உணர்ச்சியற்ற தோல், மடங்கிய விரல், ஆறாத பாதப்புண், மூடாத இமை என்னும் யாவும் நரம்பழிவின் விளைவுகளே. எலித் தொழுநோயோ ஈரல், மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றிற் பரவும், நரம்பினை நாடுவதன்று. இரண்டினையும் விளைப்பன வெவ்வேறு கிருமிகள். சாயமிட்ட கிருமியை மட்டும் நோக்கியவர் ஒற்றுமையைக் கண்டனர். உறுப்புத்தோறும் இழையத்தைப் படித்தவர் வேற்றுமையைக் கண்டனர். நோயியற் பயிற்சியின் பயன் யாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

சுண்டெலியின் உடம்பைக் கற்றல்

சுண்டெலி ஆய்வுகூடத்துட் புகுந்த கதையும் இங்கே கூறத்தக்கது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கிரான்பி என்னும் ஊரில், முன்னர்ப் பள்ளி ஆசிரியையாக இருந்த அபி லேத்திரொப் என்னும் அம்மையார், அழகுக்காக வளர்க்கப்படும் சுண்டெலிகளைப் பெருக்கி விற்றுவந்தார். 1908ஆம் ஆண்டளவில் தம் சுண்டெலிகள் சிலவற்றின் தோலிற் கட்டிகள் தோன்றுவதை அவர் கவனித்து, அவற்றை ஆராய்ச்சியாளருக்கு அனுப்பினார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து நோயியலறிஞர் லியோ லோப் அவை புற்றுநோய்க் கட்டிகளே எனத் தெளிந்தார். பின்னர் இருவரும் கூடிப் பல ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட்டனர். பட்டம் பெறாத ஆசிரியை ஒருவரின் பொறுமையான பதிவேடுகளும் பயின்ற நோயியலறிஞரின் கண்ணும் ஒன்றுசேர்ந்தமையாலேயே இத்துறை தொடங்கிற்று எனலாம். அம்மையார் 1918இற் காலமானார். அவர் வளர்த்த வழியிலிருந்தே கிளரன்ஸ் லிற்றில் 1921இல் இன்று உலகெங்கும் வழங்கும் கறுப்புச் சுண்டெலி இனத்தைப் பெருக்கினார். அவரே 1929இல் மெயின் மாநிலத்துப் பார் ஹாபர் என்னும் ஊரில் ஜக்சன் ஆய்வுகூடத்தை நிறுவினார். அங்கே 1960ஆம் ஆண்டு தொடக்கம் மருத்துவர்களுக்கு ஆண்டுதோறும் பிறப்புரிமையியற் பயிற்சி வகுப்பு நடைபெறலாயிற்று. பிற்காலத்திலே, மனித நோய்களுக்கு மாதிரியாக அமையும் சுண்டெலிகளின் நோயியலைக் கற்பிக்கவெனத் தனி வகுப்புக்களும் ஏற்பட்டன.

மனித நோயியலிற் பட்டம் பெற்றவருக்கு இத்தனி வகுப்பு எதற்கு என்று வினவலாம். சுண்டெலி உருவத்திற் சிறுத்த மனிதன் அன்று என்பதே விடை. வளர்ந்த மனிதரின் மண்ணீரலிற் குருதிக் கலங்கள் உற்பத்தியாகுமாயின் அது என்பு மச்சையின் கேட்டினைச் சுட்டும். சுண்டெலியின் மண்ணீரலிலோ அது வாழ்நாள் முழுவதும் நிகழும் இயல்பான தொழில். ஆண் சுண்டெலியின் சிறுநீரகத்திலே போமனின் உறையைக் கனவடிவான கலங்கள் போர்த்திருத்தல் இயற்கை. மனித சிறுநீரகம் ஒன்றையே அறிந்தவர் அதனை நோயெனக் கருதிவிடுவர். சில இனங்கள் பிறவியிலேயே தமக்குரிய நோயைச் சுமந்து வருவன. சீ மூன்று எச் என்னும் இனத்துச் சுண்டெலியின் விழித்திரை இளமையிலேயே அழிந்துபோகும். அவ்வினத்தின் முலைப் புற்றுநோயைப் பரப்பும் காரணி தாய்ப்பாலின் வழியே குட்டிகளை அடைகின்றது என்பதை ஜோன் பிற்னர் 1936இல் வெளியிட்டார். அது ஒரு வைரசு எனப் பின்னர் அறியப்பட்டது. இவற்றை அறியாதவர் தாம் செலுத்திய மருந்தின் விளைவையும் சுண்டெலியின் பிறவிக்குணத்தையும் வேறுபடுத்தமாட்டார். இயல்பு இன்னதெனக் கல்லாதவர்க்கு நோய் இன்னதெனத் தெரியாது.

உள்ளங்காலிற் கிடைத்த விடை

தொழுநோய்க்கு நெடுங்காலம் வழங்கிய மருந்து நீரடிமுத்து எண்ணெய் வகைகளே. புதிய மருந்துக்கு வழிகாட்டியவரும் விலங்கு நோயியலில் வல்ல ஒருவரே. மாயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபெல்ட்மன் கால்நடை நோயியலறிஞர்; அவர் ஹின்ஷோ என்னும் மருத்துவருடன் கூடி, புறொமின் என்னும் சல்போன் மருந்து கினிப்பன்றிகளின் காசநோயைத் தடுப்பதைக் காட்டினார். காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் ஒரு குலத்தன என்னும் துணிபினால் கை ஃபேஜெற் 1941இல் அமெரிக்கக் கார்வில் தொழுநோய் வைத்தியசாலையில் அதனை நோயாளர்க்கு வழங்கினார். புண்கள் ஆறின. 1940களின் பிற்பகுதியிலே செங்கற்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்தில் றொபேட் கொக்கிறேன் டாப்சோன் என்னும் எளிய சல்போனைப் பயன்படுத்தி வெற்றி கண்டார். மலிவான அம்மருந்து ஆசிய ஆபிரிக்க நாடுகள் எங்கும் பரவிற்று. ஆயினும் எத்தனை காலம் கொடுத்தால் கிருமி இறக்கும் என்று எவரும் கூற முடியவில்லை. ஆதலாற் பலர்க்கு அது ஆயுட்கால மருந்தாயிற்று.

இந்நிலையில், வாஷிங்டனிலுள்ள படைத்துறை நோயியல் நிறுவனத்தைச் சேர்ந்த சப்மன் பின்போட் 1956இல் ஒரு கருத்தை முன்வைத்தார். தொழுநோய் மனித உடம்பில் எங்கெங்கே மிகுகின்றது என நோயியற் கண்கொண்டு நோக்கின், மூக்கு, காதுமடல், கைகால்களின் தோல், தோலுக்கு அண்மையிற் செல்லும் நரம்பு முதலிய குளிர்ந்த பகுதிகளே என்பது புலப்படும். ஆகவே விலங்குகளிலும் குளிர்ந்த உறுப்பிலேயே கிருமியைச் செலுத்திப் பார்த்தல் வேண்டும் என்றார் அவர். அதுவரை வயிற்றினுள்ளும் குருதியினுள்ளும் செலுத்தித் தோற்றவர்களுக்கு இது புதுவழியாயிற்று.

அற்லான்ரா நகரத் தொற்றுநோய் நிலையத்திற் பணியாற்றிய சாள்ஸ் ஷெப்பேட் சுண்டெலியின் பின்னங்காற் பாதத்தைத் தேர்ந்தார். உடம்பின் உட்புறம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் வெப்பமுடையதாயிருக்க, பாதம் 30 பாகையிலும் அதற்குச் சற்றுக் கீழும் இருக்கும். ஒரு பாதத்திற் செலுத்திய கிருமிகள் 5,000 முதல் 10,000 வரை. செலுத்திய நீர்மத்தின் அளவு ஒரு மில்லிலீற்றரில் நூறில் மூன்று பங்கு. ஆறு முதல் எட்டு மாதங்களில் அவை ஏறத்தாழப் பத்து இலட்சமாகப் பெருகின. அதன்மேற் சுண்டெலியின் நிர்ப்பீடனம் அவற்றைத் தடுத்து நிறுத்திற்று. கிருமி ஒருமுறை இரட்டிக்க ஏறத்தாழ 12 அல்லது 13 நாட்கள் வேண்டும் என்பதும் தெளிவாயிற்று. காசநோய்க் கிருமி ஒரு நாளளவில் இரட்டிப்பதை நோக்கின் இதன் மந்தகதி விளங்கும். ஷெப்பேட்டின் கட்டுரை 1960இல் வெளிவந்தது. ஹான்சன் கிருமியைக் கண்டு 87 ஆண்டுகள் கழிந்தபின் அக்கிருமி முதன்முறையாக ஓர் ஆய்வுகூட விலங்கில் நம்பத்தகுந்த முறையில் வளர்க்கப்பட்டது.

இங்கே சிறப்பாகக் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கிருமி பெருகிய சுண்டெலி நோயுற்றதாகத் தோன்றுவதில்லை. பாதம் வீங்குவதுமில்லை, விரல் மடங்குவதுமில்லை. அது வழக்கம்போல் ஓடியாடித் திரியும். பாதத்தின் இழையத்தை அரைத்துச் சாயமிட்டு, நுணுக்குக்காட்டியிற் கிருமிகளை ஒவ்வொன்றாக எண்ணுபவருக்கே உண்மை புலனாகும். வெளித்தோற்றத்தில் நோயை எதிர்பார்த்தவர் இச்சோதனையைப் பயனற்றதென விட்டிருப்பர். எண்ணிக்கையைக் கற்றவரோ இதிலே ஓர் அளவுகோலைக் கண்டனர். உயிருள்ள கிருமியே பெருகும்; இறந்தது பெருகாது. ஹெந்தளையிலும் மாந்தீவிலும் செங்கற்பட்டிலும் நின்ற பழைய வினாவுக்கு அளவையான விடை இதுவே. 1965இல் ஷெப்பேட்டும் அவர்தம் உதவியாளரும் மற்றோர் உண்மையையும் இம்முறையால் உறுதிசெய்தனர்: முழுமையாகச் சாயமேற்ற கிருமியே உயிருள்ளது, துண்டுபட்டும் இடைவிட்டும் சாயமேற்றது இறந்தது. சுண்டெலி இல்லாத சிறு வைத்தியசாலையிலும் மருத்துவர் ஓரளவு தெளிவு பெற இதனால் வழி பிறந்தது.

மலாயாவும் மருந்தெதிர்ப்பும்

இலண்டன் மில்ஹில் ஆராய்ச்சி நிலையத்தில் டிக் றீஸ் என்பார் இம்முறையை மேலும் வளர்த்தார். அக்காலத்தில் மலாயாவின் சுங்கை பூலோ குடியிருப்பிலே, சீனரும் மலாயரும் தமிழருமாகிய நோயாளர் பெருந்தொகையினர் வாழ்ந்தனர். பல்லாண்டுகள் டாப்சோன் உட்கொண்டும் சிலருக்கு நோய் மீண்டும் தலைகாட்டிற்று. நோயாளர் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளவில்லை என்று கூறுதல் எளிது. அவ்வாறு குற்றம் சாட்டப்பட்டவரும் உளர். றீஸும் பெற்றிற் என்னும் மருத்துவரும் அந்நோயாளரின் கிருமிகளைச் சுண்டெலிகளிற் செலுத்தி, உணவிலே டாப்சோனைக் கலந்து கொடுத்தனர். மருந்துண்ட சுண்டெலியிலும் கிருமி பெருகிற்று. குற்றம் நோயாளருடையதன்று, கிருமி மருந்தை எதிர்க்கக் கற்றுவிட்டது என்பது 1964இல் நிறுவப்பட்டது. தன் சொல்லை நம்பாத உலகின் முன்னே நோயாளர்க்குச் சாட்சியாக நின்றது சுண்டெலியே.

1961இல் ஜாக் மில்லர் என்பவர், பிறந்தவுடனே தைமசுச் சுரப்பி அகற்றப்பட்ட சுண்டெலிகள் நிர்ப்பீடன ஆற்றலை இழப்பதைக் கண்டறிந்தார். இதனைப் பயன்படுத்திய றீஸ், தைமசு நீக்கிக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய சுண்டெலியில் கிருமி பெருவாரியாகப் பெருகுவதை 1966இல் வெளியிட்டார். இத்தகைய சுண்டெலியின் நரம்புகளினுள்ளும் கிருமி புகுந்தது. நோயியலறிஞர் தேடிய நரம்பழிவின் சாயல் இதிலேதான் கிடைத்தது. எனவே ஒரே சுண்டெலி எல்லா வினாவுக்கும் விடை கூறாது என்பதும் தெளிவாயிற்று. கிருமி உயிருள்ளதா என்று கேட்க இயல்பான சுண்டெலி போதும்; நிர்ப்பீடனம் குன்றியவிடத்து நோய் எவ்வாறு பரவும் என்று கேட்கத் தைமசு நீக்கிய சுண்டெலி வேண்டும்; பெருந்தொகையாகக் கிருமியைப் பெற, 1971இல் தொழுநோய் ஏற்பதாகக் காட்டப்பட்ட ஆர்மடில்லோ என்னும் உடல்வெப்பம் குறைந்த விலங்கு உதவும்.

கரிகிரியிற் பயிற்சி

இக்கல்வி மேனாடுகளோடு நின்றுவிடவில்லை. வேலூருக்கு அண்மையிலுள்ள கரிகிரியில் 1955இல் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நோயியலறிஞர் சி. கே. ஜோப் அங்கே தொழுநோயின் இழைய நோயியலை வளர்த்தவருள் முதன்மையானவர். பின்னாளில் அவர் கார்வில் சென்று ஆர்மடில்லோக்களிலும் சுண்டெலிகளிலும் அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். அதே 1955ஆம் ஆண்டிற் செங்கற்பட்டு நிலையமும் இந்திய மத்திய அரசின் தொழுநோய்க் கல்வி ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. இவ்விரு நிலையங்களிலும் சுண்டெலிப் பாத ஆய்வுகூடங்கள் அமைந்தன. மருத்துவரும் ஆய்வுகூடப் பணியாளரும் பல நாடுகளிலிருந்து வந்து பயின்றனர்.

அங்கே பயில்வது யாது? முதற்கண், நோயாளரின் தோலிலிருந்து எடுத்த துணுக்கைக் குளிரிற் காத்து விரைவாகப் பதப்படுத்தல். இரண்டாவது, அதனை அரைத்துக் கிருமிகளை எண்ணி, வேண்டிய தொகைக்கு நீர்த்தல். எண்ணிக்கை பிழைபடின் எட்டு மாத உழைப்பு வீணாகும். மூன்றாவது, அத்துணுக்கில் வேறு கிருமி கலவாமையைச் சோதித்தல். வழக்கமான ஊடகத்தில் ஏதேனும் வளருமாயின் அது தொழுநோய்க் கிருமி அன்று, அத்துணுக்கைத் தள்ளிவிடவேண்டும். நான்காவது, சுண்டெலி வாழும் அறையின் வெப்பத்தை ஏறத்தாழ 20 பாகையிற் பேணுதல். வேலூரின் கோடையிலே அறை சூடேறின் சுண்டெலியின் பாதமும் சூடேறும், கிருமி வளராது. அதனை மருந்தின் வெற்றியென்று பயிலாதவர் கருதக்கூடும். ஐந்தாவது, மருந்தெதிர்ப்பின் தரத்தை அறிதல். உணவில் நூறு கிராமுக்குப் பதினாயிரத்தில் ஒரு பங்கு கிராம், ஆயிரத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என மூன்று அளவில் டாப்சோனைக் கலந்து ஊட்டுவர். மிகக் குறைந்த அளவிலே மட்டும் வளர்வது சிறிதளவு எதிர்ப்புடையது. மூன்றாவது அளவிலும் வளர்வது முற்றாக எதிர்ப்பது. இறுதியாக, வளராமையின் பொருளைக் கூறுவதில் அடக்கம் வேண்டும். செலுத்திய ஐயாயிரத்துள் உயிருள்ள கிருமி ஒன்றிரண்டேனும் இருந்து பெருகாமற் போயிருக்கலாமாதலின், உடம்பில் ஒரு கிருமியும் உயிருடன் இல்லை என்று இச்சோதனையைக் கொண்டு சாதித்தல் தகாது.

பயிற்சியின் பயன்

1970களில் டாப்சோனை எதிர்க்கும் கிருமி பல நாடுகளிற் காணப்பட்டது. ஒரே மருந்தைக் கொண்டு தொழுநோயை வெல்லும் நம்பிக்கை தளர்ந்தது. ஆனால் எச்சரித்த சுண்டெலியே மாற்றுவழியையும் காட்டிற்று. றிபாம்பிசின் உட்கொண்ட நோயாளரின் கிருமிகள் சில நாட்களுக்குள்ளேயே சுண்டெலியில் வளரும் ஆற்றலை இழப்பதை 1970களின் தொடக்கத்தில் றீஸும் ஷெப்பேட்டும் பிறரும் நிறுவினர். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு 1981இற் கூடி, டாப்சோன், றிபாம்பிசின், குளோபாசிமின் ஆகிய மருந்துகளைச் சேர்த்து வழங்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையை வகுத்தது. கிருமி குறைந்தோர்க்கு ஆறு மாதம், மிகுந்தோர்க்கு இரண்டாண்டு என எல்லை குறிக்கப்பட்டது. பின்னர் அவ்விரண்டாண்டு ஓராண்டாயிற்று. ஆயுட்காலச் சிகிச்சை மாதக்கணக்கிற்கு வந்தது.

இலங்கையில் இச்சிகிச்சை 1983இல் தொடங்கிற்று. 1995இலே பதினாயிரம் பேருக்கு ஒரு நோயாளர் என்னும் எல்லைக்குக் கீழே நாடு இறங்கியது. ஆயினும் நோய் ஒழிந்துவிட்டதென எண்ணுதல் தவறு. ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் இந்நாட்டிற் கண்டறியப்படுகின்றனர். மேல் மாகாணத்திலும் அவர்கள் உளர். உலகளாவிய நிலையில் 2023ஆம் ஆண்டிற் பதிவான புதிய நோயாளர் 180,000க்கு மேற்பட்டோர்.

2001ஆம் ஆண்டிலே தொழுநோய்க் கிருமியின் பரம்பரையலகுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. அதற்கு எடுத்துக்கொண்ட கிருமி வழி தமிழ்நாட்டு நோயாளர் ஒருவரிடமிருந்து பெறப்பட்டது. அவ்வழிக்குத் தமிழ்நாட்டின் பெயரையே குறியீடாக இட்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட பரம்பரையலகுகள் அக்கிருமியிற் பழுதுபட்டுச் செயலிழந்து கிடக்கின்றன. ஊடகத்தில் அது வளர மறுப்பதன் காரணம் ஓரளவு இதனால் விளங்கிற்று. இன்று மருந்தெதிர்ப்பை அப்பரம்பரையலகுகளின் மாற்றத்தைக் கொண்டே சில நாட்களில் அறியலாம். ஆனால் எந்த மாற்றம் எந்த எதிர்ப்பைத் தரும் என்பதற்குச் சான்றாக நின்றது சுண்டெலியின் பாதமே. புதிய மருந்தொன்று கிருமியை உண்மையாகவே கொல்கின்றதா என அறிய இன்றும் உயிருள்ள உடம்பொன்று வேண்டியிருக்கின்றது. விரைவான முறைகள் வந்தமையாற் பழைய முறையைக் கற்பார் தொகை அருகிவருதலும், கற்பிக்கவல்ல ஆய்வுகூடங்கள் சிலவாகிவிட்டமையும் கவலைக்குரியன.

உயிர்க்கொலையைத் தவிர்ப்பதே அறம் என்று வளர்ந்த சமுதாயத்தில், நோய் ஆராய்ச்சிக்காக எலியைக் கொல்லலாமா என்னும் வினா எழுதல் இயல்பே. அது தட்டிக்கழிக்கத்தக்க வினாவன்று. 1959ஆம் ஆண்டிலே றஸ்ஸல், பேர்ச் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர், விலங்குக்குப் பதிலாக வேறு வழி காணல், விலங்கின் தொகையைக் குறைத்தல், அதன் துன்பத்தைத் தணித்தல் என்னும் மூன்று நெறிகளை வகுத்தனர். இந்திய நாட்டிலே 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இத்தகைய சோதனைகளை மேற்பார்வைக்கு உட்படுத்திற்று. இம்மூன்று நெறிகளும் பயிற்சியையே அடிப்படையாகக் கொண்டவை. எண்ணத் தெரியாதவர் கையில் நூறு சுண்டெலி இறந்தாலும் ஓர் உண்மை பிறவாது. இயல்பையும் நோயையும் பிரித்தறியாதவர் அதே சோதனையை மீண்டும் மீண்டும் செய்வர். பயின்றவரோ சில சுண்டெலிகளைக் கொண்டு தெளிவான விடை பெறுவர். ஒடெசா எலியை நம்பிக் கழிந்த ஆண்டுகளும் அற்லான்ராச் சுண்டெலியினால் விளைந்த பயனும் இவ்வேறுபாட்டை விளக்கும்.

மருத்துவம் பயிலப் புகும் மாணவர் நோயியலைத் தேர்வுக்குரிய ஒரு பாடமாக மட்டும் கொள்வாராயின், மனித உடம்பின் படங்களை மனனம் செய்தலே அதுவென எண்ணக்கூடும். அதற்கு அப்பாற்பட்ட கடமை அதற்குண்டு என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. பேர்கனிலே ஒரு பெண்ணின் கண்ணிலும் ஹவாயிலே ஒரு கைதியின் கையிலும் தேடப்பட்ட விடை, வேறோர் உயிரின் உடம்பைப் பொறுமையாகக் கற்ற பின்னரே கிடைத்தது. அவ்விடை கிடைத்தமையால், களனி கங்கையின் அக்கரைக்கு ஒருகாலத்தில் அனுப்பப்பட்டிருக்கக்கூடிய நோயாளர் ஒருவர், இன்று தம் வீட்டிலிருந்தே மருந்துண்டு, தொழிலும் குடும்பமும் நீங்காமற் குணமடைகின்றார்.